முப்பத்திரண்டாம் அடிக்குறிப்பு

மணி பதினொன்று இருபது. கோர்ட்டில் மனு வாங்கும் ஜன்னலை நாலு மணிக்குச் சாத்திவிடுவார்கள். அதற்கப்புறம் தம்பிக்காகத் தட்டுவதற்கு அவளுக்கு ஒரு கதவும் பாக்கி இல்லை.

தையல்காரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே மேஜை முழுக்க வழக்குக் காகிதங்கள். அவற்றுக்குப் பின்னால் புரூஃப் சார். சட்டப் புத்தகம் போடும் அச்சகத்தில் முப்பது வருஷம் பிழை திருத்தியவர். ஓய்வு பெற்ற பிறகு அச்சுக்கு வெளியே நடக்கும் பிழைகளையும் பிடிக்க ஆரம்பித்தார். காணாமல் போன உயில், கள்ளக் கையெழுத்து, செத்தவன் வந்து சொன்ன சாட்சி. பைண்டிங் கடைக்கு மேலே ஒரே அறைதான் ஆபீஸ். எந்நேரமும் பசை வாசனை.

ஆறு நாளாக அவர் ஒரு மரஸ்கேலை வரிக்கு வரி கீழே தள்ளித் தள்ளி அந்த அறிக்கையைப் படித்துக்கொண்டிருந்தார். நேற்றோடு மேல் பகுதி வாசிப்பு முடிந்தது. இன்று காலையிலிருந்து பக்கங்களின் அடியில் பொடி எழுத்தில் கிடக்கும் குறிப்புகளுக்கு வந்திருந்தார்.

தம்பி ஆஸ்பத்திரி கம்பவுண்டர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊசி மருந்து மாறி ஒரு நோயாளி இறந்துபோனார். பூட்டிய அலமாரியில் இருக்கவேண்டிய விஷ மருந்து, சாதாரண மருந்துத் தட்டில் இருந்தது. அன்று காலை சாவி யார் கையில் இருந்ததோ அவன்தான் குற்றவாளி. ‘சாவி காலை முழுக்க என்னிடமே இருந்தது, யாருக்கும் கொடுக்கவில்லை’ என்று தம்பியே ஒப்புக்கொண்டதாக விசாரணை அதிகாரியின் அறிக்கை சொன்னது. நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று அவன் தொண்டை கிழியக் கத்தினான். கைதிகள் எல்லோரும் கத்துவது அதைத்தானே? ஆயுள் தண்டனை. அப்பீல் தள்ளுபடி. கடைசியாக ஒரு மறுஆய்வு மனு, முப்பது நாள் கெடு. இன்றைக்கு முப்பதாவது நாள்.

“சார்,” என்றாள். “புது விஷயம் ஒண்ணாவது இல்லாம மனுவைத் தொடவே மாட்டேன்னு வக்கீல் சொல்லிட்டார். ஏதாவது…”

மரஸ்கேல் நின்றது.

“விசில், இங்க வா. இதைப் படி.”

விசில் அவருடைய உதவியாள். பஸ்ஸில் இருபது வருஷம் கண்டக்டராக இருந்தவன், ஐம்பதை எட்டப்போகிறவன். வேலை போனாலும் வாய் போகவில்லை. குனிந்து கண்ணைச் சுருக்கினான்.

“எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு சார். முப்பத்திரண்டு. இபிட். பக்கத்துல அடைப்புக்குறிக்குள்ள, சிக். என்ன பாஷை இது? ரெண்டு பேர் அடுத்தடுத்துத் தும்மின மாதிரி இருக்கு.”

“லத்தீன். சட்டக்காரங்களும் ஆராய்ச்சிக்காரங்களும் அடிக்குறிப்புல போடற சுருக்கெழுத்து. பத்திரத்துல ‘மேற்படி, மேற்படி’ன்னு எழுதுவாங்கல்ல? இபிட்னா அதுதான். நேர் மேல இருக்கிற குறிப்பு எதைச் சொல்லுதோ, அதே இடம்.”

“சிக்னா? சிக்கல்ல பாதியா?”

“இன்னிக்கு முழுச் சிக்கலே அதுதான். ஒரு தப்பை மூலத்துல இருக்கிறபடியே எடுத்து எழுதணும்னா, பக்கத்துல சிக்னு போடுவாங்க. இங்க தப்பு இருக்கு, எனக்குத் தெரியும், தப்பு என்னுது இல்லன்னு அர்த்தம். என் சர்வீஸ்ல ஆயிரம் சிக் பார்த்திருக்கேன். ஒரு இபிட் மேல சிக் பார்த்ததே இல்ல. மேற்படிங்கிற ஒரு வார்த்தையில என்னப்பா தப்பு இருக்க முடியும்?”

தையல்காரிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் ஆறு நாளில் முதல் தடவையாக அந்த மனிதரின் காது மடல் சிவந்திருந்ததைப் பார்த்தாள். எழுந்து மேஜைப் பக்கம் வந்தாள்.

புரூஃப் சார் அந்தப் பத்தியைச் சத்தமாக வாசித்தார். “‘விஷ மருந்து அலமாரி பூட்டியே இருந்தது.’ இதுக்கு முப்பதாம் குறிப்பு. ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கு மேலாளர் வாக்குமூலம், பக்கம் பதினாலு. அடுத்த வரி, ‘பதினோரு ஆண்டு அனுபவமுள்ள கம்பவுண்டர் அப்போது பணியில் இருந்தார்.’ இதுக்கு முப்பத்தொண்ணு. கம்பவுண்டர் வாக்குமூலம், பக்கம் மூணு. அதுக்கடுத்து, ‘சாவி காலை முழுக்க என்னிடமே இருந்தது, யாருக்கும் கொடுக்கவில்லை.’ முப்பத்திரண்டு. இபிட். மேற்படி.”

“மேற்படின்னா கம்பவுண்டர். அதான் ஜட்ஜ் அப்படியே எடுத்துக்கிட்டார்,” என்றான் விசில்.

“அந்த மூணாம் பக்கத்தை எடு.”

விசில் எடுத்தான். தம்பியின் முகவரி, படிப்பு, வேலையில் சேர்ந்த தேதி. அவ்வளவுதான். சாவி என்ற வார்த்தையே அந்தப் பக்கத்தில் இல்லை.

“அவன் சொல்லல!” தையல்காரி மேஜையைப் பிடித்துக்கொண்டாள். “சார், அவன் சொல்லவே இல்ல சார்!”

“உட்காருங்கம்மா. பக்க நம்பர் தப்பா விழுந்திருக்கும்னு அரசு வக்கீல் ஒரே வரியில ஊதித் தள்ளிடுவார். அவன் சொல்லலைன்னா போதாது. யார் சொன்னதுன்னு காட்டணும்.”

விசில் தலையைச் சொறிந்தான். “சார், பஸ்ல ஒரு கூத்து நடக்கும். டிக்கெட் எங்கேன்னு கேட்டா, ‘முன்னாடி நிக்கிறவர்கிட்ட’ம்பான். சரின்னு பார்த்தா முன்னாடி நிக்கிறவன் முழிப்பான். ஏன்னா நடு ஸ்டாப்பிங்ல ஏறின வேற ஒருத்தன் ரெண்டு பேருக்கும் நடுவுல வந்து நின்னிருப்பான். டிக்கெட் வெச்சிருக்கிற ஆள் அவனுக்கும் முன்னாடி. நான் பாவம், நடுவுல நிக்கிறவன் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு…”

சொல்லிக்கொண்டே வந்தவன் வாயை மூடிக்கொண்டான். புரூஃப் சாரும் அவனையே பார்த்தார்.

“நடு ஸ்டாப்பிங்,” என்றார் மெதுவாக. “முப்பத்தொண்ணாம் குறிப்பு நடுவுல ஏறினது. அது இல்லைன்னா இந்த மேற்படி நேரா மேலாளரைத்தான் காட்டும்!”

பரபரவென்று பின்பக்கங்களைப் புரட்டினார். எழுபத்தெட்டாம் பக்கத்தில் அவர் விரல் நின்றது. “இதோ. ‘சாவி பற்றிய ஒப்புதலுக்கு, சுப்ரா, குறிப்பு முப்பத்தொண்ணு.’ சுப்ரான்னா மேலே பார். மேலே போய்ப் பார்த்தா முப்பத்தொண்ணுல அனுபவ வருஷம்தான் இருக்கு, சாவி இல்ல. ஏன்? இதை எழுதினப்ப சாவிதான் முப்பத்தொண்ணு! பின்னாடி ஒரு குறிப்பைச் செருகினதும் எல்லாம் ஒரு நம்பர் கீழே இறங்கிடுச்சு. இதை மட்டும் மாத்த மறந்துட்டாங்க.”

“அப்ப மேலாளரோட பதினாலாம் பக்கத்தைப் பார்த்தா முடிஞ்சதே சார்!” தையல்காரி அந்தக் கட்டைப் பறிக்காத குறையாக எடுத்துப் பிரித்தாள். பன்னிரண்டு. பதின்மூன்று. அடுத்ததும் பதின்மூன்று. அதற்கப்புறம் பதினைந்து.

ஒரே பக்கத்தை இரண்டு தடவை நகலெடுத்துப் பதினாலின் இடத்தில் வைத்திருந்தார்கள். கை தவறியதோ, கை வைத்ததோ. அசல் கோர்ட் பெட்டகத்தில். அதைத் திறக்கச் சொல்ல வேண்டுமானால் மனு வேண்டும். மனு போட வேண்டுமானால் ஆதாரம் வேண்டும்.

அவள் முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

“அம்மா,” என்றார் புரூஃப் சார். “தப்பு என்னுது இல்லன்னு ஒரு ஆள் இந்தக் காகிதத்துலயே கையைத் தூக்கியிருக்காங்க. அந்தச் சிக் யார் போட்டது? அறிக்கை எழுதின அதிகாரி தன் தப்பைத் தானே காட்டிக்கொடுக்க மாட்டார்.” கடைசிப் பக்கத்தின் மூலையைத் தொட்டுக் காட்டினார். ‘த.6’ என்று கடுகளவு எழுத்து. “தட்டச்சு, ஆறாம் இருக்கை. வாங்க.”

*

விசாரணை அலுவலகத்துக்குப் போய்ச் சேரும்போது மணி ஒன்று பத்து. பாதி வழியில் பஸ் நின்றுபோய் மீதியை நடந்தார்கள். அவளுடைய செருப்பு வார் அறுந்து, அதைக் கையில் தூக்கிக்கொண்டே வந்தாள்.

“ஆறாம் இருக்கையா?” கவுண்டர்காரர் நிமிராமலே சொன்னார். “அந்தம்மாவை ரிக்கார்டு ரூமுக்கு மாத்தி ரெண்டு வருஷமாச்சு. கீழ்த்தளம். இப்போ சாப்பாட்டு நேரம். அப்புறம் வெளியாளுங்க உள்ளே போக அனுமதிக் கடிதம் வேணும்.”

“கடிதம் எங்க வாங்கணும்?”

“மூணாவது மாடி. அதிகாரி லீவு.”

விசில் கவுண்டரில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டான். “ஐயா, உங்க கஷ்டம் எனக்குப் புரியும். நானும் டிக்கெட் இல்லாதவனை நடு ரோட்டுல இறக்கிவிட்டவன்தான். ஆனா லீவுல இருக்கிறவர் கையெழுத்தை வாங்க எந்த ஸ்டாப்பிங்ல இறங்கணும்னு மட்டும் சொல்லிடுங்க. அதுக்கு ஒரு ஃபாரம் இருக்குமே? அந்த ஃபாரத்துக்கு ஒரு ஃபாரம்?”

கவுண்டர்காரர் நிமிர்ந்தார். சண்டைக்குத் தயாராகப் பேனாவைக் கீழே வைத்தார். அந்த நேரத்தில் தையல்காரி, அறுந்த செருப்பைக் கையில் பிடித்தபடியே, வெறுங்காலோடு சத்தமில்லாமல் பக்கத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு படியிறங்கினாள். நிற்கவில்லை. புரூஃப் சாரும் பின்னாலேயே இறங்கினார்.

கீழே இரும்பு அலமாரிகளுக்கு நடுவில் ஒரு அம்மாள் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஐம்பத்தெட்டு வயதுக்குக் குறையாது. கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்.

“நீங்கதானே ஆறாம் இருக்கை?” தையல்காரிக்கு மூச்சு வாங்கியது. “கம்பவுண்டர் கேஸ் அறிக்கை. முப்பத்திரண்டாம் குறிப்பு…”

அந்த அம்மாளின் கை பாதி வழியில் நின்றது. டப்பாவை மூடினார். “சிக்,” என்றார். “எவனாவது ஒரு வக்கீல் அதைக் கேட்டுக்கிட்டு வருவான்னு ரெண்டு வருஷமா உட்கார்ந்திருக்கேன். நீங்க யாரும்மா?”

“அவனோட அக்கா.”

தட்டச்சுக்கார அம்மாள் எழுந்து நின்றார். “வரைவு தயாரானப்புறம் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்து, இதை ஒரு குறிப்பா நடுவுல சேர்ன்னார் அதிகாரி. சேர்த்தா கீழே இருக்கிற இபிட் ஆள் மாறிப்போயிடும் சார்னு சொன்னேன். தட்டச்சாளருக்குத் தட்டச்சு மட்டும்தான் வேலைன்னுட்டார். அடிக்குறிப்பெல்லாம் போட்டது அவரோட குமாஸ்தா, இபிட்னா என்னன்னே அவருக்குத் தெரியாதுன்னு நினைக்கிறேன். எனக்கு மனசு கேட்கல. பக்கத்துல சிக்னு அடிச்சு வெச்சேன். படிச்சவங்க யாராவது கண்ணுல பட்டா ஏன்னு கேட்பாங்கன்னு. ஒருத்தரும் கேட்கல.”

“ஒரு கார்டு போட்டிருக்கலாமே!” தையல்காரி அலறிவிட்டாள். “ரெண்டு வருஷம்! அவன் உள்ளே பாதியா இளைச்சுப்போயிட்டான். எனக்கு வந்த ஒரே சம்பந்தம் கொலைகாரன் அக்கான்னு திரும்பிப் போயிடுச்சு. ஒரு கார்டு! பேரு போடாம ஒரே ஒரு வரி!”

“பயந்துட்டேன்மா.” அந்த அம்மாள் வேறு எதுவும் சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை. “அதிகாரிகிட்ட ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினதுக்கே என்னைக் கீழே தள்ளிட்டாங்க. தீர்ப்பு வந்தப்ப தெரிஞ்சது. அப்பவும் பயந்துட்டேன்.”

புரூஃப் சார் இருவருக்கும் நடுவில் வந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “வரைவு?”

கடைசி அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு உறையை எடுத்தார் அந்த அம்மாள். உள்ளே அறுபத்தொன்றாம் பக்கத்தின் பழைய வடிவம். முப்பது, மேலாளர் வாக்குமூலம், பக்கம் பதினாலு. அதற்கு நேர் கீழே முப்பத்தொன்று, இபிட். நடுவில் யாரும் இல்லை. சாவி காலை முழுக்க என்னிடமே இருந்தது என்று சொன்னவர் கிடங்கு மேலாளர். பக்கத்தின் ஓரத்தில் குண்டூசி குத்தி அந்தத் துண்டுச் சீட்டு.

விசில் எப்படியோ கவுண்டரைத் தாண்டி வந்து சேர்ந்திருந்தான். எட்டிப் பார்த்தான். “இதான் சார் நடு ஸ்டாப்பிங்ல ஏறின ஆள்! இந்தக் கையெழுத்துக்காரனைப் பிடிச்சா கேஸே முடிஞ்சது. மேலாளர்தான் எழுதிக் கொடுத்திருப்பான். தன் தலையில இருந்ததை அழகா நகர்த்தி இன்னொருத்தன் தலையில…”

“இல்ல,” என்றாள் தையல்காரி.

இடப்பக்கம் சாய்ந்த எழுத்து. ‘ற’வுக்குக் கீழே தேவையில்லாமல் ஒரு கொக்கி. அந்தக் கொக்கிக்காகப் பள்ளிக்கூடத்தில் முட்டிக்கால் போட்டவன் யார் என்று அவளுக்குத் தெரியும். அவன் கையைப் பிடித்து எழுதச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

‘பத்து ஆண்டு அனுபவம் என்பது தவறு. பதினோரு ஆண்டு. ஆதாரம், என் வாக்குமூலம், பக்கம் 3. தயவுசெய்து அடிக்குறிப்பில் சேர்க்கவும்.’ கீழே தம்பியின் கையெழுத்து, தேதியோடு.

“வரைவுல அவங்கவங்களைப் பத்தின வரிகளை மட்டும் எல்லாருக்கும் அனுப்பி, தகவல் பிழை இருந்தா மூணு நாளுக்குள்ள சொல்லச் சொன்னாங்க,” என்றார் தட்டச்சுக்கார அம்மாள் தாழ்ந்த குரலில். “அவர் ஒருத்தர்தான் பதில் போட்டார்.”

தையல்காரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவன் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு நாள்கூட லீவு போடாதவன். ஒரு வருஷத்தைக் குறைத்துப் போட்டது அவனுக்குப் பொறுக்கவில்லை. சரி செய்யச் சொல்லி மரியாதையாக எழுதிக் கொடுத்தான். அந்த ஒரு வரி இபிட்டுக்கு நேர் மேலே போய் நின்றுகொண்டு, எவனோ சொன்ன வார்த்தையை அவன் வாயில் போட்டுவிட்டது. இரண்டு வருஷமாக யாரோ ஒரு பாவியைச் சபித்துக்கொண்டிருந்தாள். தினமும் விளக்கேற்றும்போது சபித்தாள். அவன் கை அழுகட்டும் என்றுகூடச் சொல்லியிருக்கிறாள்.

விசில் அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அறுந்த செருப்பை வாங்கி, மேஜையிலிருந்த குண்டூசியால் வாரைப் பொருத்தினான்.

“இதைவிடப் பெரிய சாட்சி கிடைக்காதும்மா,” என்றார் புரூஃப் சார். “குறிப்பு எப்போ செருகினதுன்னு அவனே தேதி போட்டுக் கொடுத்திருக்கான். ஆனா இந்தக் காகிதம் எங்க இருந்து வந்ததுன்னு ஒருத்தர் சத்தியம் பண்ணிச் சொல்லணும்.”

எல்லோரும் தட்டச்சுக்கார அம்மாளைப் பார்த்தார்கள்.

“ஆபீஸ் காகிதத்தை ஒளிச்சு வெச்சேன்னு ஆயிடும்,” என்றார் அவர். “ரிட்டயர் ஆக நாலு மாசம் இருக்கு.” கண்ணாடியைத் துடைத்தார். திரும்பத் துடைத்தார். பிறகு சாப்பாட்டு டப்பாவைப் பைக்குள் வைத்துப் பையை மாட்டிக்கொண்டார். “வக்கீல் ஆபீஸ் எவ்வளவு தூரம்?”

*

வக்கீல் வரைவைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “இதைப் பார்க்காமலே நான் ரெண்டு வருஷம் வாதாடினேனே,” என்றார். அவருடைய குமாஸ்தா ஒரு விரலால் தேடித் தேடி அடிப்பதைப் பார்த்துவிட்டு, “எழுந்திருங்க தம்பி” என்று தட்டச்சுக்கார அம்மாளே உட்கார்ந்தார். தன்னைப் பற்றிய வாக்குமூலத்தைத் தானே அடித்தார். நாலு பக்கம். ஒரு பிழை இல்லை என்று பிற்பாடு புரூஃப் சார் சொன்னார்.

பதிவகத்தின் படியேறும்போது மூணு ஐம்பத்தொன்று. ஜன்னல்காரர் கட்டைப் புரட்டினார். “பக்க எண் எங்கே? எண் போடாம வாங்க முடியாது. நாளைக்கு வாங்க.”

“நாளைக்குன்னு ஒண்ணு இல்லைங்க,” என்றாள் தையல்காரி. ஜன்னல் கம்பியை அவள் பிடித்திருந்த பிடியைப் பார்த்து அவர் கொஞ்சம் பின்னால் நகர்ந்தார்.

புரூஃப் சார் பேனாவைத் திறந்தார். நூற்று நாற்பத்து மூன்று பக்கம். விசில் புரட்டினான், அவர் எண் போட்டார். “ஏறு, ஏறு, உள்ளே போ, அடுத்தது ஏறு” என்று விசில் முணுமுணுத்துக்கொண்டே தள்ளினான். வரிசையில் நின்றவர்கள் மூச்சு விடாமல் பார்த்தார்கள். கடைசி எண்ணின் மை காய்வதற்குள் முத்திரை விழுந்தது. மூணு ஐம்பத்தொன்பது.

ஒன்பதாம் நாள் நீதிபதி பெட்டகத்தைத் திறந்து அசலைக் கொண்டுவரச் சொன்னார். பதினாலாம் பக்கம், ஆறாம் வரி. மேலாளரின் கையொப்பத்துக்கு மேலே அந்த வாக்கியம் அப்படியே இருந்தது. பதின்மூன்றாம் பக்கத்தை இரண்டு தடவை நகலெடுத்துக் கொடுத்ததும் கிடங்கு அலுவலகம்தான் என்று தெரிந்தது. அன்று சாயங்காலமே போலீஸ் மேலாளர் வீட்டுக் கதவைத் தட்டியது. தட்டச்சுக்கார அம்மாளுக்கு ஒரு விளக்கம் கேட்கும் கடிதம் வந்தது. அதற்கு என்ன பதில் எழுத வேண்டும் என்று புரூஃப் சார் அவரோடு ஒரு முழு நாள் உட்கார்ந்தார்.

தம்பியை வெளியே விடுவதற்கு முந்தின நாள், தையல்காரி சிறையில் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்றாள். அவன் எலும்பும் தோலுமாக அந்தப் பக்கம் நின்றான். நடந்ததைச் சொன்னாள். இபிட், மேற்படி, நடுவில் வந்து விழுந்த குறிப்பு, எல்லாம். அந்தக் குறிப்பில் என்ன இருந்தது என்பதை மட்டும் விட்டுவிட்டாள். உத்தரவில் எல்லாம் எழுதியிருக்கிறது. ஒருநாள் அவனே படிப்பான். இன்றைக்கு வேண்டாம்.

“யாருக்கா அந்தக் குறிப்பைச் சேர்க்கச் சொன்னது?” என்று கேட்டான்.

“எவனோ ஒரு கிறுக்கன்டா.”

“வேணும்னே பண்ணினானா?”

“இல்லடா. எல்லாம் சரியா இருக்கணும்னு நினைக்கிற கிறுக்கன்.”

அவன் வலையில் விரலைக் கோத்துக்கொண்டான். “அப்ப விட்டுடுக்கா,” என்றான். “பாவம், அவனுக்கு என்ன தெரியும்?”

அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று வார்டருக்குத் தெரியவில்லை. நேரம் முடிந்தும் அவர் மணியடிக்காமல் நின்றார்.